பழவேற்காட்டின் தராசும் உரைகல்லும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, கடலுக்கும் ஏரிக்கும் இடையில் அமைந்த பழவேற்காட்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகளைக் கொள்முதல் செய்யப் பொன் நாணயம் வேண்டியிருந்ததால், அவ்வூர் அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் கூடத்தில், 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் தங்கம்கூட உருக்கப்பட்டு வராகனாயிற்று.

ஊருக்கு ஊர் வராகனின் எடையும் மாற்றும் (பொன்னின் தூய்மையளவு) வேறுபட்ட அக்காலத்தில், நாணயம் சோதித்துத் தரம் சொல்லும் சராப்புகள் இன்றி வணிகம் நடந்ததில்லை. இத்தொழில் மிகப் பழையது. சங்கப் புலவர் வடம வண்ணக்கன் தாமோதரனார் பெயரிலுள்ள 'வண்ணக்கன்' என்னும் சொல் நாணயச் சோதகனையே குறிக்கும்.

சுமார் 3.4 கிராம் எடையுள்ள வராகனின் விளிம்பைச் சுரண்டிப் பொன் எடுத்திருந்தால், சிறுதராசின் முள் சாய்ந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். செம்பு மிகுதியாகக் கலந்து எடையைச் சரிக்கட்டியிருந்தாலோ முள் நடுவிலேயே நிற்கும். தங்கத்தின் அடர்த்தி செம்பினுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்பதால், காசு மட்டும் சற்றுப் பருத்திருக்கும். அப்போது கருநிற உரைகல்லில் காசால் ஒரு கோடு இழுத்து, மாற்று தெரிந்த உரையாணியால் அதனருகே இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் வெளிச்சத்தில் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும்.

கள்ளக்காசைத் தராசால் மட்டுமே கண்டறியும் புதிர் 1945இல் அமெரிக்கக் கணித இதழொன்றில் வெளிவந்தது: 8 காசுகளில் எடை குறைந்த ஒன்றை 2 நிறுவையில் காண வேண்டும். கூடுதலா குறைவா என்பதும் தெரியாத 12 காசுப் புதிருக்கு 3 நிறுவை போதும். ஒவ்வொரு நிறுவையிலும் இடம் தாழ்தல், வலம் தாழ்தல், சமநிலை என மூன்று விடைகள் இருப்பதால் மொத்தம் 27 விடைகள் கிடைக்க, பிரித்தறிய வேண்டியவை 24 மட்டுமே. ஃப்ரீமன் டைசன் 1946இல் இக்கணக்கை எந்த எண்ணிக்கைக்கும் பொருந்துமாறு விரித்தார்.

அழகிய கணக்குத்தான், ஆனால் கள்ளக்காசு ஒன்றே என்பதும், அதன் எடை நிச்சயம் வேறுபடும் என்பதும் புதிரில் முன்கூட்டியே தரப்பட்டுவிடுகின்றன. சராப்புக்கு அவ்விரண்டு உறுதியும் கிடைத்ததில்லை; ஒரு பையில் எத்தனை கள்ளக்காசு என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை. பழவேற்காடு 1825இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று டச்சுக் கல்லறைகள் நிற்கும் அவ்வூருக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், தராசுப் புதிரோடு உரைகல்லையும் கையில் கொடுத்துக் கற்பிக்க வேண்டும்.