நுரையீரலில் ஒரு குறுக்குவழி: தமனி–சிரைப் பிறழ்வுச் சிகிச்சையின் வரலாறு, தானா ராத்தாவிலிருந்து ஒரு நோக்கு

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் இதைப் பொருட்படுத்தாது. பிறவியிலேயே நுரையீரல் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிட்டவருக்கோ தேயிலைச் சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கலாம். அதை ஆஸ்துமா என்றும், இருமலில் ரத்தம் கண்டால் காசநோய் என்றும் எண்ணிவிடுவது எளிது.

நுரையீரலின் நுண்குழாய்கள் ரத்தத்துக்குப் பிராணவாயுவைத் தருவதோடு ஒரு வடிகட்டியாகவும் இருக்கின்றன. குறுக்குவழி இருந்தால் ரத்தம் பிராணவாயு பெறாமலே இதயத்துக்குத் திரும்பும். சிறு ரத்தக்கட்டியும் கிருமியும் தடையின்றி மூளைக்குப் போகும். இளவயதில் பக்கவாதமும் மூளைச் சீழ்க்கட்டியும் வருவது இப்படித்தான். மூச்சிரைப்பைவிட நான் அஞ்சுவது இதையே.

1897-இல் இங்கிலாந்தின் சர்ட்டன் இந்தப் பிறழ்வை விவரித்தபோது, அது பிரேதப் பரிசோதனையில் கண்டது. 1939-இல் ஸ்மித்தும் ஹார்ட்டனும் உயிரோடிருந்த நோயாளியிடம் இதைக் கண்டறிந்தார்கள். 1942-இல் ஹெப்பர்னும் டாஃபினியும் அறுவைச் சிகிச்சையின் முதல் வெற்றியை வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு பக்க நுரையீரலையே எடுக்க வேண்டியிருந்தது. ஒரு குழாயின் பிழைக்கு அது மிகப் பெரிய விலை.

மாற்றுவழி வேறொரு பக்கம் உருவாகிக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய அதே 1929-இல், ஜெர்மனியின் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியே தன் இதயத்துக்குள்ளேயே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்த்தார். 1953-இல் செல்டிங்கர், தோலை அறுக்காமல் ஊசித் துளை வழியே கதீட்டரை நுழைக்கும் முறையைத் தந்தார். 1977-இல் கிழக்கு பெர்லினின் போர்ஸ்ட்மன், எஃகுச் சுருள்களை அனுப்பி நுரையீரல் குறுக்குவழியை அடைத்ததை வெளியிட்டார். பத்தாண்டுகளுக்கு முன்பே இதயத்தருகே மூடாதிருந்த நாளம் ஒன்றைக் கத்தியின்றி மூடிக்காட்டியவர் அவர்.

அமெரிக்காவில் ராபர்ட் ஒயிட் 1980-களில் கழற்றிவிடக்கூடிய பலூன்களால் இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். பலூனின் இடத்தைச் சுருளும், பின்னர் பின்னல் கம்பி அடைப்பானும் பிடித்தன. சுருள் நழுவினால் குறுக்குவழியாகவே உடலின் பெருந்தமனிக்குப் போய்விடும் என்பதால் அளவுதான் இதில் உயிர்நாடி. குறுக்குவழிக்கு ரத்தம் தரும் ஊட்டுத் தமனி 3 மி.மீ. அகலமிருந்தால் மூடுவது என்ற விதி நெடுங்காலம் நின்றது. இன்று 2 மி.மீ. அகலத்தையும் பரிசீலிக்கிறார்கள். மூடிய வழி மீண்டும் திறக்கக்கூடும் என்பதால் சி.டி. ஸ்கேன் தொடர வேண்டும்.

ஆக, சிகிச்சை தொடை இடுக்கில் ஒரு ஊசித் துளையளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைச் செய்யும் வல்லுநர் பெருநகர் மருத்துவமனைகளில் இருப்பார். மலையிலிருந்து அவரிடம் யாரை அனுப்புவது என்பதே மீதமுள்ள கேள்வி. இந்நோயர் பலருக்கு ரெண்டு–ஆஸ்லர்–வெபர் என்ற பரம்பரை நோய் இருக்கும். சில்லுமூக்கு அடிக்கடி உடைவது அதன் முதல் அடையாளம். நின்றால் பிராணவாயு அளவு குறைவதும், படுத்தால் ஏறுவதும் இன்னொரு குறி. அளவு சரியாக இருந்தாலும் ஐயம் தீராவிட்டால் ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்திப் பார்க்கும் குமிழி எக்கோ சோதனை உண்டு.

தோட்ட மருந்தகங்களில் இருப்போருக்கு என் வேண்டுகோள்: மூச்சிரைப்போடு வருபவரின் வீட்டில் யாருக்கெல்லாம் மூக்கில் ரத்தம் வரும் என்று கேளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து பாருங்கள்.