மதிலும் மனையும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நின்ற யாரோ ஒருவர்தாம் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். தனக்கென ஒரு கூரை, தன் பெயரில் ஒரு பட்டா, களைத்து வரும் மாலையில் கால் நீட்டிப் படுக்க ஒரு திண்ணை. இவற்றை விரும்பாத மனிதர் உண்டோ? அந்த விருப்பத்தைப் பேராசை என்று பழிப்போர் இருக்கின்றனர். முற்பிறப்பில் செய்த புண்ணியம் இருந்தால்தான் வீடு வாய்க்கும் என்று கதைப்போரும் இருக்கின்றனர். நாம் இருசாராரையும் மறுக்கிறோம். வீடு விதியால் வருவதன்று, உரிமையால் வருவது. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கரிசல் மண்ணின் விருதுநகரும் சிவகாசியும் போதும்.

2021ஆம் ஆண்டில், திருத்தங்கலையும் தன்னோடு இணைத்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆயிற்று. வானம் பார்த்த பூமி என்று இகழப்பட்ட நிலத்தில் இன்று வீட்டுமனைகளின் எல்லைக்கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மாடி வீடு, வாயிலில் வண்டி, விடுமுறை நாளில் குடும்பத்தோடு விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா! நல்லது, மகிழ்கிறோம். ஆனால் இங்கு மனை வாங்கும் இளைஞர், பத்திரத்தோடு அந்த மண்ணின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறோம். நிலத்தின் வில்லங்கம் பதிவு அலுவலகத்தில் தெரியும். வரலாற்றின் வில்லங்கம் அங்கே தெரியாது.

ஒரு மனிதன் எத்தகைய வீடு கட்டலாம் என்பதைப் பணம் முடிவு செய்யாமல் பிறப்பு முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலத்தார் மாடி வைத்து வீடு கட்டுதல் கூடாது, குடை பிடித்தல் கூடாது, பொன் நகை பூணுதல் கூடாது என்று தடைகள் இருந்தன. அது பழைய மன்னராட்சி, பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டா. விருதுநகரும் சிவகாசியும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலேயே, 1930 டிசம்பரில், ஆதி திராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். வீட்டில் மண்பாண்டம் அன்றி வேறு பாண்டம் புழங்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 1931 ஜூனில் மேலும் பதினொரு தடைகள் வந்தன. சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். பிள்ளைகள் படிக்கக் கூடாது. மிராசுதாருக்கு அடிமை வேலை செய்ய வேண்டும். மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தனர். தானியக் குதிர்களை அழித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின் அறிக்கையில் ஹட்டன் இதைப் பதிந்து வைத்திருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அடுப்பில் எந்தப் பானை ஏற வேண்டும் என்பதைக் கூட அடுத்த தெரு முடிவு செய்தால், அந்த அடுப்பு யாருடையது? அந்த வீடு யாருடையது?

இத்தகைய மண்ணில்தான் ‘பேட்டை’ பிறந்தது. பனைவெல்லமும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்ற நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சி, சரக்கும் வண்டியும் தங்குவதற்கு மதில் சூழ்ந்த இடங்களை அமைத்தனர். தங்கல் இடங்கள் குடியிருப்புகளாயின, குடியிருப்புகள் நகரங்களாயின. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்கள் அவ்வாறு வளர்ந்தவை. பேட்டையில் விற்கும் சரக்கின் மீது ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை பிடித்துப் பொது நிதியாக்கினர். அந்த நிதியில் கிணறு வெட்டினர், பள்ளி கட்டினர். விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலைக்கு ஒவ்வொரு வீடும் அன்றாடம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தது. ‘பிடியரிசிப் பள்ளிக்கூடம்’ என்றே அது பேர்பெற்றது. 1903இல் அவ்வூரில் பிறந்த காமராசர் பயின்ற பள்ளி அது.

பொருள் சேர்ந்தது, மதிப்புச் சேர்ந்ததா? இல்லை. கமுதிக் கோயிலில் 1897இல் அவர்கள் நுழைந்தனர். அதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சிவகாசியில் கோயில் நுழைவு கேட்டதன் விளைவு இன்னும் கொடிது. 1899 ஜூன் 6ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைத் தாக்கினர். வீடுகள் எரிந்தன, உயிர்கள் மடிந்தன. ஆண்டவன் சந்நிதியில் நிற்க விரும்பியவனுக்கு, அந்த ஆண்டவன் பெயராலேயே குடியிருந்த வீடும் இல்லாமற் போயிற்று! எரிந்த வீட்டை மீண்டும் எழுப்பியவன் யார்? ஆண்டவனா? உழைத்தவன்தான் எழுப்பினான்.

பேட்டையின் மதிலை நாம் போற்றுகிறோம். அதே மூச்சில் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். மதில் உள்ளிருப்பவரைக் காக்கும். வெளியில் இருப்பவரை வெளியிலேயே நிறுத்தும். ஒரு சாதி தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய கோட்டைக்குள் மற்றொரு சாதியின் ஏழைக்கு மனை இல்லை. அடக்குமுறைக்கு எதிராக எழுந்த சுவரும் சுவர்தானே?

1923ஆம் ஆண்டு இம்மண்ணில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. விருதுபட்டி, விருதுநகர் ஆயிற்று. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். மழை பொய்க்கும் ஊர் என்பது உழவனுக்குச் சாபமாக இருந்தது. தீக்குச்சி காயவும் பட்டாசு உலரவும் அதே வெயில் முதலாயிற்று. தலைவிதி என்று அழுதுகொண்டிருந்த வறட்சியை மனித அறிவு மூலதனமாக மாற்றிக் காட்டியது. தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. குட்டி ஜப்பான் என்று நாடு பாராட்டியது.

பாராட்டில் பங்கு கேட்காமல் உழைத்தவர்களின் வீடு எப்படி இருந்தது? சுற்றுப்புறச் சிற்றூர்களில் வீடே தொழிற்சாலை ஆயிற்று. பாய் விரிக்கும் இடத்தில் தீப்பெட்டி ஒட்டினர். விளக்கடியில் தாயும் மகளும் அமர்ந்து எண்ணிக்கைக் கூலிக்கு விரல் தேய்ந்தனர். பொழுது புலருமுன் சிறுவர்களை ஏற்றிச் செல்ல ‘தீப்பெட்டி ஆபீசு’ வண்டி வந்தது. கட்டை அடுக்கிய கைகள் சிலேட்டைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமே, உறக்கமும் அரைகுறை. சிவகாசியின் குழந்தை உழைப்பைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் குழந்தையை அமர்த்தும் முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. சட்டமும் சத்துணவும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அந்த விடியற்கால வண்டியை ஓரங்கட்டின. இது சிறிய வெற்றியன்று.

ஆயினும் பெரியவர்களின் கதை முடியவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடிவந்தவர்களும் மாண்டவர்களில் அடங்குவர். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதிகள் இருக்கின்றன. விதியை மீறி ஆள் நெருக்கும்போதும், மணிமருந்து உராயும்போதும், நெருப்பு சாதி பார்ப்பதில்லை. நல்ல நேரமும் பார்ப்பதில்லை. உரிமம் இல்லாமல் குடியிருக்கும் வீட்டிலேயே பட்டாசு செய்து, வீட்டோடு வெடித்துச் சிதறும் கொடுமையும் தொடர்கிறது. காலையில் வாயிற்படி தாண்டியவர் மாலையில் திரும்புவார் என்னும் உறுதி இல்லாத வீட்டுக்குப் பட்டா இருந்தென்ன, பளிங்குத் தரை இருந்தென்ன?

நல்ல நேரம் என்றோம். அதற்கும் சிவகாசிக்கும் நெருங்கிய உறவு உண்டு. தமிழ்நாட்டின் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் பெரும்பாலானவை அங்கு அச்சானவை. பாருங்கள்: இராகு காலம், எமகண்டம், மனையடி சாத்திரம்! அறையின் அகலம் இத்தனை அடி இருந்தால் செல்வம் கொழிக்குமாம். ஓர் அடி கூடினால் வறுமை சூழுமாம். அந்தத் தாளை அச்சடித்த தொழிலாளி, அதை மடித்து அடுக்கிய பெண், இவர்களுக்கு அளந்து பார்க்க அறையே இல்லையே! வறுமைக்குக் காரணம் கூலியில் இருக்கிறது. அதை அறையின் அளவில் தேடச் சொல்வது எவ்வளவு பெரிய ஏமாற்று! வாசலில் பூசணி உடைக்கும் கை, ஆலையில் அவசர வழி இருக்கிறதா என்று கேட்க உயரட்டும், ஊர் பிழைக்கும்.

வீட்டைப் பற்றிய பேச்சில் வழக்கமாக மறக்கப்படுபவர் பெண். தீப்பெட்டி ஒட்டியவர் அவர், சரம் பின்னியவர் அவர், சீட்டுக் கட்டிச் செங்கல்லுக்குப் பணம் சேர்த்தவர் அவர். பத்திரத்தில் இருப்பதோ கணவன் பெயர்! 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. மூன்றாவது மாநாடு 1931 ஆகஸ்டில், ஆர். கே. சண்முகம் தலைமையில், விருதுநகரிலேயே கூடியது. பதினொரு தடைகள் விதிக்கப்பட்ட அதே மாவட்டம். இடையே இரண்டே மாதங்கள்! ஒரு பக்கம் ‘நிலத்தை விற்றுவிடு’ என்ற ஆணவம். மறுபக்கம் ‘மனிதர் யாவரும் சமம்’ என்ற முழக்கம். எந்தக் குரல் வென்றது? 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் செய்தது. 2005இல் இந்திய நாடாளுமன்றமும் அவ்வழிக்கு வந்தது. செங்கற்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சட்டம் ஒவ்வொரு பட்டாவிலும் பெயராக மாற, நாம் இன்னும் எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

வீடு, வசதி, இன்பம் என்று பேசினால், எளிமையைக் காட்டி நம்மை மடக்க முயல்வோர் உண்டு. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராசர், 1975 அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில் வாடகை வீட்டில்தானே கண்ணை மூடினார் என்பர். உண்மைதான், தலைதாழ்த்தி மதிக்கிறோம். ஆனால் தானே ஏற்ற எளிமை வேறு, பிறர் சுமத்திய வறுமை வேறு. சொந்த வீடு தேடாத அவர், ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியும் பகலுணவும் தேடினார். தொழிலாளி கூரையின்றிக் கிடக்கட்டும் என்பதற்கு அவர் வாழ்வைச் சான்றாக்குவது, அவருக்கே இழைக்கும் அநீதி. உழைத்தவன் உண்டு உடுத்து, வெயில் தணிந்த இரவில் மொட்டை மாடியில் காற்று வாங்கி, பிள்ளை படிப்பதைக் கேட்டு மகிழ வேண்டும். இது ஆடம்பரமன்று, உழைப்பின் கூலியில் ஒரு பகுதி.

இனி அந்த மதிலுக்கு வருவோம். ஆறு பேட்டை ஊர்களில் ஒன்றான திருமங்கலத்துக்கு அருகே, மேலக்கோட்டையில், 1998 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தால் புண்பட்டுக் கிடந்த காலம் அது. ஒரு சமத்துவபுரத்துக்கு நூறு வீடுகள்: ஆதி திராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. சாதிக்கொரு தெரு என்னும் முறை அங்கில்லை; எல்லாரும் கலந்தே குடியிருக்க வேண்டும். நூறு வீடுகளால் நாடு மாறிவிடாது என்பதை அறிவோம். ஆனால் அச்சத்தால் மதில் கட்டிய வட்டாரத்திலேயே, மதில் இன்றியும் மனை அமைக்கலாம் என்று காட்டிவிட்டது அது.

ஆகவே, சிவகாசியிலோ விருதுநகரிலோ மனை பார்க்கும் தோழரே! எந்தத் திசையில் வாசல் என்று கேட்காதீர். அந்தத் தெருவில் எல்லாச் சாதியினருக்கும் மனை விற்பார்களா என்று கேளுங்கள். பத்திரத்தில் துணைவியின் பெயரும் இருக்கட்டும். உம் சுவருக்குச் செங்கல் சுமந்தவருக்கும், நீர் கொளுத்தும் மத்தாப்புக்கு மருந்து செலுத்தியவருக்கும், இரவில் அச்சமின்றி உறங்க ஒரு கூரை உண்டா என்று கேளுங்கள். இல்லை என்பது விடையானால், அது கிடைக்கும் வரை சங்கத்தில் சேர்ந்து குரல் கொடுங்கள். அந்நாள் வரை, வீடு கட்டும் வேலை முடிந்துவிட்டது என்று நம்முள் எவரும் சொல்வதற்கில்லை.