ஆறு எழுத்தா, பதினொன்றா? நோடும் டீனோவும் ஒரு தமிழ் வரியை வாங்கும் விதம்

காஞ்சிபுரம் என்று எழுதச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆறு எழுத்து எழுதும். அதே பெயரை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்து நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் 33 பைட். மூன்று கணக்கும் சரியே. கா, ஞ், சி, பு, ர, ம் என்று நாம் வாசிக்கும் எழுத்துகள் ஆறு. மெய்க்குத் தனி எண், துணைக்காலுக்குத் தனி எண், புள்ளிக்குத் தனி எண் என்று யூனிகோட் தரும் குறியெண்கள் பதினொன்று. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட் வீதம் முப்பத்து மூன்று. ஒரு நிரல் பயனரிடமிருந்து ஒரு வரியை வாங்கும்போது இந்த மூன்று கணக்கையும் வெவ்வேறு கட்டத்தில் போட்டாக வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்தக் கணக்கு என்பதில் ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் இரண்டு இயக்கச்சூழல்கள் வேறு வேறு முடிவு எடுத்திருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவருக்கு அந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் படாது. தமிழ் தட்டுகிறவருக்கு முதல் வரியிலேயே தெரியும்.

நோட், டீனோ இரண்டையும் தொடங்கியவர் ஒருவரே, ரயன் டால். நோட் 2009இல் வந்தது. 2018இல் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் நோடின் வடிவமைப்பில் தமக்கு இருக்கும் வருத்தங்களைப் பட்டியலிட்டுவிட்டு, அதே மேடையில் டீனோவை அவர் அறிமுகப்படுத்தினார். அதன் 1.0 பதிப்பு 2020 மே மாதம் வெளியானது. இரண்டுக்குள்ளும் ஓடுவது கூகிளின் வி8 எந்திரம். ஆகவே உள்ளே வந்து சேர்ந்த பிறகு ஒரு சரம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். வாசலைத் தாண்டி உள்ளே வரும் வழியில்தான் வேறுபாடு. நோடில் அந்த வேலையைச் செய்வது ரீட்லைன் என்ற கூறு, அதன் பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. டீனோவில் கோப்பிலிருந்து வரும் வரிகளை உலாவிகளின் பாணியிலான ஓடைகள் கவனிக்கின்றன. ஆள் தட்டும் வரியை, உலாவியில் நாம் அறிந்த அதே பெயருடைய பிராம்ப்ட் என்ற செயற்கூறு வாங்குகிறது.

ஒப்பிடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் சரக்குப் பதிவேட்டை வைத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு ஒரு சேலை: எண், உடல் நிறம், கரை, முந்தி, நெய்த இடம். அரக்கு உடல், மயில் கழுத்து நிறம், எம்.எஸ். நீலம், கோர்வைக் கரை, ருத்ராட்சக் கரை, பிள்ளையார்பாளையம், ஸ்ரீபெரும்புதூர் என்றெல்லாம் அதில் சொற்கள் வரும். பழைய பதிவு ஒரு விரிதாளிலிருந்து காற்புள்ளிக் கோப்பாக வருகிறது. புதுச் சேலையை ஒருவர் டெர்மினலில் உட்கார்ந்து தட்டுகிறார்.

முதலில் கோப்பு. நோட் ஒரு கோப்பை ஓடையாகத் திறந்தால் ஒரு தடவைக்கு 64 கிலோபைட், அதாவது 65,536 பைட் எடுக்கும். இதை மூன்றால் வகுத்தால் 21,845 போக மீதி ஒன்று. இடைவெளிகூட இல்லாத தனித் தமிழ்க் கோப்பு என்றால் முதல் துண்டின் கடைசியில் ஒரு குறியெண்ணின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் வந்து நிற்கும், மற்ற இரண்டும் அடுத்த துண்டில் இருக்கும். இடைவெளி, இலக்கம், காற்புள்ளி எல்லாம் ஒரு பைட் என்பதால் உண்மைக் கோப்பில் வெட்டு எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பெரிய தமிழ்க் கோப்பில் அது எங்கோ ஓரிடத்தில் எழுத்தின் நடுவே விழுந்தே தீரும். துண்டு வந்தவுடன் சரமாக மாற்றி, வரிமுறிவில் பிளந்துகொள்ளும் கைவேலை நிரல்களில், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஏதோ ஒரு நிறப்பெயரில் கேள்விக்குறிச் சாய்சதுரங்கள் முளைப்பது இதனால்தான். ரீட்லைன் இந்தப் பிழையைச் செய்வதில்லை. முடியாத பைட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டு வந்ததும் சேர்த்துப் படிக்கிறது. டீனோவின் உரைப்பெயர்ப்பு ஓடையும் அதையே செய்கிறது. இந்தக் கட்டத்தில் இரண்டும் சமம்.

அடுத்த கட்டத்தில் சமம் இல்லை. விரிதாள் மென்பொருள்கள் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியை வைப்பதுண்டு. டீனோவின் ஓடை அதைத் தானாகவே கழற்றிவிடும். நோடில் அது முதல் வரியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். ‘எண்’ என்ற தலைப்பைத் தேடும் நிரல், திரையில் ‘எண்’ என்றே தெரிகிற சொல்லைக் கண்டும் இது அதுவல்ல என்று சொல்லும். விண்டோஸ் கோப்புகளின் வரி முடிவு இரட்டைக் குறி என்பதும் ஒரு தொல்லை. அந்த இரண்டும் 100 மில்லிநொடிக்கு மேல் இடைவெளி விட்டு வந்தால் நோட், அதன் இயல்பு அமைப்பில், அவற்றை இரண்டு வரிமுடிவாக எண்ணி நடுவில் ஒரு வெற்று வரியைப் புகுத்தும். இந்த இடைவெளியை முடிவிலி என்று வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. கோப்பு படிக்கும் எடுத்துக்காட்டில் நோடின் ஆவணமும் அப்படித்தான் எழுதுகிறது. இயல்பு அமைப்பே அப்படி இருந்திருக்கலாம்.

இதைவிடக் கடுமையானது வரி தொலைவது. ரீட்லைன் இடைமுகத்தை உருவாக்கிய கணமே அது உள்ளீட்டைக் குடிக்கத் தொடங்கிவிடும். நிரல் அதற்குப் பிறகு தரவுத்தளத்தோடு இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு வந்து வரிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினால், அதற்குள் வந்த வரிகளை வாங்க யாரும் இருக்கமாட்டார்கள். அவை போய்விடும். வரி விடுபடலாம் என்று நோட் ஆவணமே எச்சரிக்கிறது. நிறுத்தச் சொன்னாலும் உடனே நிற்காது, ஏற்கெனவே வாங்கிய துண்டில் இருக்கும் வரிகள் வந்துகொண்டே இருக்கும். டீனோவின் ஓடை கேட்டால்தான் கொடுக்கும். இணைப்பு முடியும் வரை அது வாசலில் காத்திருக்கும். சரக்குப் பதிவேட்டில் ஒரு வரி என்பது பல ஆயிரம் ரூபாய்ச் சேலை. பிழைச்செய்தியே இல்லாமல் அது காணாமல் போவதற்கு வழி விட்டிருப்பது, என் கணிப்பில், ரீட்லைனின் மிகப் பெரிய குறை.

கேள்வி கேட்டு விடை வாங்கும் முறையிலும் இதே குறை வேறு முகத்தோடு வருகிறது. நோடின் 17ஆம் பதிப்பு, ரீட்லைனில் கேள்விக்கு வாக்குறுதி முறையில் காத்திருக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆள் உட்கார்ந்து தட்டினால் அருமையாக வேலை செய்யும். ஆனால் அதே நிரலுக்கு, சோதிப்பதற்காக, இரண்டு வரியுள்ள கோப்பைக் குழாய் வழியே கொடுத்துப் பாருங்கள். இரண்டு வரியும் ஒன்றாக வந்து சேரும். முதல் வரி முதல் கேள்விக்கு விடையாகப் போகும். இரண்டாவது கேள்வியை நிரல் கேட்பதற்கு முன்பே இரண்டாவது வரி கடந்துபோயிருக்கும். கேள்வி தொங்கிக்கொண்டிருக்க, நிரல் முடிந்துவிடும். டீனோவின் பிராம்ப்ட் இந்தச் சூழலில் ஒரேயடியாக மறுத்துவிடுகிறது. உள்ளீடு டெர்மினல் இல்லை என்றால் எதையும் வாங்காமல் வெறுமையைத் திருப்பித் தரும். தானியங்கிச் சோதனை எழுதுகிறவருக்கு இது எரிச்சல்தான். ஆனாலும் முதல் விடையை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதை விழுங்குவதைவிட, வாங்கமாட்டேன் என்று சொல்லிவிடுவது மேல். நிரலாளர் அன்றைக்கே திருத்திக்கொள்வார்.

இனி ஆள் தட்டும் வரி. தமிழுக்கு நேர்மையான சோதனை இங்கேதான் நடக்கிறது.

பதிவு செய்பவர் ‘காஞ்சிபுரம்’ என்று தட்டிவிட்டார். கடையின் பழைய பதிவேடு முழுக்கக் ‘காஞ்சீபுரம்’ என்று இருக்கிறது, அப்படி மாற்ற வேண்டும் என்று நினைக்கிறார். கர்சர் வரியின் கடைசியில் நிற்கிறது. இடது அம்பை அழுத்திச் ‘சி’க்குப் பின்னால் வர வேண்டும். நடுவில் இருப்பது பு, ர, ம் என்ற மூன்று எழுத்து. நோடில் மூன்று அழுத்தம் போதாது, ஐந்து வேண்டும். ரீட்லைன் இடப்பக்கம் நகரும்போது ஒரு குறியெண் மட்டுமே நகர்கிறது: புள்ளி, ம, ர, உகரக் குறி, ப. ஈமோஜி போன்று ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு அலகாக நிற்கும் குறியெண்களை நடுவில் பிளந்துவிடாமல் இருக்க அதில் திருத்தம் செய்திருக்கிறார்கள். தமிழ் உயிர்மெய் அந்தத் திருத்தத்தின் எல்லைக்குள் வரவில்லை. நான்காவது அழுத்தத்தில் கர்சர் பகரத்துக்கும் அதன் உகரக் குறிக்கும் நடுவே நிற்கும். அங்கே தவறி ஒரு ‘ர’ விழுந்தால் உகரம் பகரத்தை விட்டு அதனோடு ஒட்டிக்கொண்டு ‘பரு’ ஆகிவிடும்.

டீனோவில் மூன்றே அழுத்தம். அதன் பிராம்ப்ட் ஆரம்பத்தில் பைட் பைட்டாகப் படித்தது, திருத்தும் வேலையை டெர்மினலிடமே விட்டிருந்தது. அம்பு விசையை அழுத்தினால் நகர்வதற்குப் பதிலாக விசித்திரக் குறிகள் திரையில் கொட்டும். பின்னர் அந்தப் பொறுப்பை ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஸ்டிலைன் நூலகத்திடம் ஒப்படைத்தார்கள். அந்நூலகம் யூனிகோட் வரையறுக்கும் எழுத்துத் தொகுதி கணக்கில் நகர்கிறது. ‘பு’ அதற்கு ஒரே அலகு.

அம்பில் டீனோ வென்றது. அழிப்பதில் கதை திரும்புகிறது. ‘சி’க்குப் பின்னால் கர்சர் வந்துவிட்டது. பேக்ஸ்பேஸ் ஒரு முறை. நோடில் இகரக் குறி மட்டும் போகும், ச நிற்கும். ஈகாரக் குறியைத் தட்டினால் ‘சீ’ ஆகிவிடும். டீனோவில் ‘சி’ முழுவதும் போய்விடும். மீண்டும் ச, மீண்டும் ஈகாரம். இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் கணக்குப் போட்டால் நோடில் ஐந்து அம்பு, ஓர் அழிப்பு, ஒரு குறி, மொத்தம் ஏழு. டீனோவில் மூன்று அம்பு, ஓர் அழிப்பு, இரண்டு தட்டல், மொத்தம் ஆறு. எழுத்து எழுத்தாக நகர்ந்து, குறி குறியாக அழித்தால் ஐந்தே போதும். அந்த ஐந்து இரண்டிலும் கிடைப்பதில்லை.

எழுத்தாக நகர்வதும் குறியாக அழிப்பதும் முரணல்லவா என்று கேட்கலாம். முரணில்லை. நகரும்போது கண் எழுத்தைப் பார்க்கிறது. அழிக்கும்போது கை, தான் கடைசியாகத் தட்டியதைத் திரும்ப வாங்க நினைக்கிறது. இந்திய எழுத்துகளுக்கான உரைப்பெட்டிகள் பல உலாவிகளிலும் செயலிகளிலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. எழுத்துத் தொகுதிகளை வரையறுக்கும் யூனிகோடின் 29ஆம் இணைப்பறிக்கையும், பேக்ஸ்பேஸ் குறியெண்ணாக அழிக்கலாம், முன்னோக்கி அழிக்கும் விசை முழுத் தொகுதியை அழிக்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. நோட் தமிழை நினைத்து அப்படி வைத்ததில்லை, ஆனால் அழிப்பதில் தமிழருக்கு உகந்ததைச் செய்கிறது. டீனோ எழுத்துத் தொகுதியை மதிக்கும் நூலகத்தைத் தேர்ந்தது, அழிக்கும்போது அந்த மதிப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது.

இந்தச் சிக்கலின் வேர் குறியேற்றத்தில் இருக்கிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தின் வழியில் அமைந்தது. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் தரும் டேஸ்-16 முறையை, யூனிகோடோடு சேர்த்து, தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. அம்முறையில் காஞ்சிபுரத்தின் நீளம் ஆறேதான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் உலகத்து மென்பொருள்கள் பெரும்பாலானவை அதைத் தமிழென்று அறியாது. வாசலிலேயே மொழிபெயர்த்து வாங்க வேண்டிவரும். இன்றைய நிலையில் குறியேற்றத்தை மாற்றக் காத்திருப்பதைவிட வாசலைத் திருத்துவது சுலபம்.

திருத்தமும் பெரிதல்ல. எழுத்துத் தொகுதிகளைப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் நோடின் 16ஆம் பதிப்பிலேயே இருக்கிறது. ரீட்லைனில் இடமும் வலமும் நகரும் தூரத்தை அதைக் கொண்டு கணக்கிட்டு, பேக்ஸ்பேஸை மட்டும் இருந்தபடி விட்டுவிட்டால் நோட் அந்த ஐந்து அழுத்தத்துக்கு வந்துவிடும். டீனோவுக்கோ பேக்ஸ்பேஸ் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். திரை அகலம் தனிக் கதை. இடம்பிடிக்காத குறி என்று யூனிகோட் வகைப்படுத்தியிருப்பது தமிழில் புள்ளியையும் ஈகாரக் குறியையும் போன்ற சிலவற்றைத்தான். அதனால் நோட் காஞ்சிபுரத்துக்கு 9 கட்டம் ஒதுக்குகிறது. ‘பு’ ஒரே வடிவமாக வரையப்பட்டாலும் அதற்கு இரண்டு கட்டம். டெர்மினல் வேறு மாதிரி எண்ணினால் கர்சர் தள்ளி நிற்கும். இதை இயக்கச்சூழல் மட்டும் தனியாகத் தீர்க்க முடியாது.

இரண்டுமே தொடாத ஒன்று பாக்கி. ‘கொடி’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஓர் எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. இரு இயக்கச்சூழலும் தட்டியதைத் தட்டியபடியே தரும். வாங்கிய ஒவ்வொரு வரியையும் நிரலாளர் இயல்பாக்கிக்கொள்ள வேண்டும், அதற்குச் சரங்களிலேயே நார்மலைஸ் என்ற ஒரு முறை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அதுவும் உதவாது. 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, ‘ஸ்ரீ’ என்ற கூட்டெழுத்தை ஸகரம் கொண்டும் எழுதலாம், ஶகரம் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும், இயல்பாக்கினாலும் இரண்டாகவே நிற்கும். போதாததற்கு, நம் கண்ணுக்கு ஒரே உருவமான அது யூனிகோட் கணக்கில் இரண்டு தொகுதி. டீனோவில்கூட அதைத் தாண்ட இரண்டு அம்பு வேண்டும். நெய்த இடம் என்ற கட்டத்தில் அந்த ஊர் வரும் கடைக்காரர், இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் ஒரு வரியைத் தம் நிரலில் தாமே எழுதிச் சேர்க்க வேண்டும். எந்த இயக்கச்சூழலை வைத்திருந்தாலும் இது பொருந்தும்.