நூலகத்துக்கும் நோயாளிக்கும் நடுவே: புதுச்சேரி தரும் சான்று

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1823இல் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. நான்கு ஆண்டு கழித்து, 1827இல், பொது நூலகம் ஒன்றும் அங்கே வந்தது. பள்ளி 1964இல் ஜிப்மர் ஆயிற்று; 2008இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இன்று ரொமெய்ன் ரோலந்து பெயரைத் தாங்கி நிற்கும் பொது நூலகமோ முதலில் ஐரோப்பியருக்கு மட்டுமே இருந்தது; 1837இல்தான் எல்லோருக்கும் திறந்தது. பொது நூலகத்துக்கு அன்றே கிடைத்த அந்த விடுதலை நம் நாட்டு மருத்துவ நூலகங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மாணவரும் பேராசிரியரும் ஆய்வாளரும் அவற்றின் வாசகர்கள். நோயாளியும் அவரோடு வந்தவரும் பொதுவாக அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நூலுக்கும் நோயாளிக்கும் நடுவே, ஊர் நம்பும் ஓர் ஆள் நிற்க வேண்டும். இதற்கான சான்று ஒரு மருத்துவ நூலகத்தில் அல்ல, புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் கிடைக்கிறது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் (ஐ.டி.ஆர்.சி.) உதவியோடு தகவல் கிராமத் திட்டத்தைப் புதுச்சேரி வட்டாரத்தில் தொடங்கியது. தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம் இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். வில்லியனூர் நடுவம், சுற்றியுள்ள ஊர்களில் அறிவு மையங்கள். தொலைபேசி சரியாக எட்டாத இடங்களுக்கு வி.எச்.எஃப். வானொலிக் கருவி வழியே செய்தி போனது. மின்வெட்டுக்குச் சூரிய ஒளித் தகடு. ஆனால் கருவிகளைவிட, திட்டம் விதித்த நிபந்தனையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணினியை நிறுவனம் தரும். இடத்தை ஊர் வாடகையில்லாமல் தர வேண்டும். தலித்துகள் உள்ளிட்ட எல்லோரும் தடையின்றி நுழையக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். மையத்தை உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்த வேண்டும்.

அந்த ஊர்களில் ஒன்றான ஏம்பலத்தில் இந்த நிபந்தனை என்ன செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே மையம் அமைந்தது கோயில் கட்டடத்தில். தாழ்த்தப்பட்ட சாதியினரும் மாதவிலக்கான பெண்களும் கோயிலுக்குள் போகக் கூடாது என்ற வழக்கம் அப்போதும் இருந்தது. பக்கத்துக் கதவான மையத்துக்குள் யாரும் போகலாம். நலவாழ்வுத் தகவலைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியல்ல. விலக்கான நாளில் உள்ளே வர முடியாத இடத்தில் ஒரு பெண் தன் உதிரப்போக்கைப் பற்றி யாரிடம் கேட்பாள்? தகவல் கிடைக்கிறதா என்பது எத்தனை நூல்கள் உள்ளன என்பதைப் பொறுத்ததல்ல. யார் நுழையலாம், யாரிடம் வாய்விட்டுக் கேட்கலாம் என்பதைப் பொறுத்தது. ஏம்பலம் இதைக் கண்முன் காட்டியது.

மையங்களில் வைத்திருந்தவை பெரும்பாலும் எளிய பட்டியல்கள்: எந்த மருத்துவமனை எங்கே, கண்ணுக்கு யார், குழந்தைக்கு யார், அரசுத் திட்டங்களுக்குத் தகுதி என்ன. கன்று ஈன முடியாமல் சில நாளாகக் கதறிக்கொண்டிருந்த ஒரு பசுவுக்கு அந்தப் பட்டியலிலிருந்துதான் கால்நடை மருத்துவர் கிடைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம் அது. பட்டியலைப் பார்த்து மருத்துவரை அழைத்துக் கொடுத்தவர் வேறொருவர். பயனைக் கொண்டுசேர்த்தது அந்த ஆள்தான். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்தின் அலை உயர முன்னறிவிப்பைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாட்டில் அதே போன்ற ஒலிபெருக்கிதான் ஊருக்கு அறிவித்து உயிர்களைக் காத்தது. பழகிய குரலாக இருந்ததால்தான் சனங்கள் உடனே ஓடினார்கள் என்று கருதுகிறேன்.

இதற்கு மாறாக, இன்று நகரில் மருத்துவமனையை விட்டு வெளியே வரும் ஒருவரின் கையில் என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் சம்மரி. மருந்துக்கு நேரே 1-0-1 என்ற குறி. கடையில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து ஆறைக் கத்தரித்துத் தரும்போது காலாவதித் தேதி அச்சான துண்டு பல வேளை கடையிலேயே தங்கிவிடுகிறது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஜிப்மருக்கு வருபவர்கள் பேருந்தில் ஏறும்போது கேட்கத் தோன்றும் கேள்விகளுக்கு மறுமொழி சொல்ல ஆள் இல்லை. மருந்துக் கடைக்காரரே நூலகராகிவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வேலையை நாம் வேறு யாருக்கும் தரவில்லை.

இந்நிலையில்தான் 2025 சனவரி 1 முதல் ஒன்றிய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் இது பெரும் பேறு, மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த இதழ்களின் சாரத்தைத் தமிழில் நாலு வரியில் சொல்லும் ஒருவருக்கு அந்தத் தொகையில் இடமில்லை. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டின் மருத்துவ நூலக உதவிச் சட்டம் வட்டார மருத்துவ நூலகங்களுக்கு வழிவகுத்தது. 1997இல் மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான பப்மெட் எல்லோருக்கும் இலவசமானது. பொதுமக்களுக்கென்றே மெட்லைன்பிளஸ் என்ற நலத் தகவல் தளம் அடுத்த ஆண்டு வந்தது. வில்லியனூரில் மையம் தொடங்கிய அதே 1998. நம் முயற்சி பிந்திவிடவில்லை; மருத்துவ நூலகத்தோடு அது இணையவில்லை.

எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும்போது நடுவே ஆள் எதற்கு என்று கேட்கலாம். கைபேசி கேள்விக்குப் பத்து விடை தரும். எது சரி என்று சொல்லாது. கொரோனாக் காலத்து வாட்ஸ்அப் வதந்திகளை யாரும் மறந்திருக்க முடியாது. அரைகுறைத் தகவல் சுயமருத்துவத்துக்குத் தூண்டும் என்று மருத்துவர்கள் அஞ்சுவது நியாயமானது. ஆனால் தகவலை மறைத்தால் சுயமருத்துவம் குறையாது. கேட்கும் இடம் மட்டும் மாறும். மருத்துவ நூலகர் நோயைக் கண்டறிபவர் அல்லர். சரிபார்த்த தகவலைத் தேடித் தருவதும், எப்போது மருத்துவரிடம் போயே ஆக வேண்டும் என்று சொல்வதும் அவர் வேலை.

வில்லியனூர் முயற்சிக்கும் குறை இருந்தது. வெளி நிதியையும் தன்னார்வலரின் ஓய்வு நேரத்தையும் நம்பிய அமைப்பு எவ்வளவு நாள் தாங்கும்? ஆகவே அந்த முறையை நிலையான நிறுவனத்தோடு பிணைக்க வேண்டும். புதுச்சேரியில் அதற்கான உறுப்புகள் ஏற்கெனவே உள்ளன. ஜிப்மருக்கு இராமநாதபுரத்தில் கிராம நல மையமும் குருசுக்குப்பத்தில் நகர நல மையமும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் கற்பிக்கிறார்கள். இவ்விரு நல மையங்களிலும் தலா ஒரு நூலகரை, ஊதியத்தோடு, அமர்த்தித் தொடங்கலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கர்ப்ப காலம், காசநோய் என்று மக்கள் அதிகம் கேட்பவற்றுக்கு ஒருபக்கத் தமிழ்க் கையேடு; படிக்க இயலாதவருக்கு அதே செய்தி ஒலிவடிவில். புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாகேவுக்கு மலையாளத்திலும் ஏனாமுக்குத் தெலுங்கிலும் அவற்றை ஆக்க வேண்டும். நூலகரின் மேசை வெளிநோயாளிகள் காத்திருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். சீட்டு வாங்க அரைநாள் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்க நேரம் இருக்கிறது. பெண்கள் தயங்காமல் பேச மறைவான ஓரிடமும் வேண்டும். ஒவ்வொரு கையேட்டிலும் அதைச் சரிபார்த்த மருத்துவரின் பெயரும் தேதியும் அச்சாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவர் அதை மறுபடி பார்த்துக் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் அந்தக் கையேட்டை மேசையிலிருந்து எடுத்துவிடும் அதிகாரம் நூலகருக்கு இருக்க வேண்டும்.