ரயிலுக்கு ஒரு மணி, ஊருக்கு ஒரு மணி



உங்களில் பலர் துபாய், சிங்கப்பூர் என்று பறந்துகொண்டிருக்கிறீர்கள். விமானம் இறங்கியதும் கைப்பேசி தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடுகிறது. நம் நாட்டுக்குள்ளேயே ஊருக்கொரு நேரம் இருந்த கதை தெரியுமா?

சூரியன் உச்சிக்கு வந்தால் மணி பன்னிரண்டு. அதுதான் பழைய கணக்கு. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் என்று வகுப்பில் படித்தீர்களே, அதன்படி கல்கத்தாவில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது பம்பாயில் பதினொன்றுகூட ஆகியிருக்காது. மாட்டுவண்டிக் காலத்தில் இதனால் யாருக்கும் தொல்லையில்லை. ரயில் வந்ததும் சிக்கல் வந்தது. எந்த ஊர் மணியைப் பார்த்து வண்டியை விடுவது?

ரயில்வே சென்னை நேரத்தை எடுத்துக்கொண்டது. அது பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டது. நேரத்தைக் கணிக்க நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வுக்கூடமும் இருந்தது. அங்கிருந்து தந்தி வழியே மணி போனது. ஆக, வெளியூர் ஸ்டேஷனில் ஒரு மணி, ஊருக்குள் வேறு மணி!

1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று அரசு அறிவித்தது. சென்னைக்கு மாற்றம் 9 நிமிடம்தான், சத்தமில்லாமல் முடிந்தது. பம்பாய்க்கோ 39 நிமிடம். மில் தொழிலாளி அவ்வளவு முன்னதாக, இருட்டிலேயே எழுந்து ஓட வேண்டும். அந்த மாதமே மில்களில் எதிர்ப்பு வெடித்தது. பம்பாய் தன் பழைய நேரத்தை 1955 வரை விடவில்லை. கல்கத்தாவும் 1948 வரை தன் நேரத்தை வைத்துக்கொண்டது.

கதை இன்னும் முடியவில்லை. கோடையில் குவாஹாத்தியில் நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது. அலுவலகம் திறப்பதற்குள் பாதிப் பகல் போகிறது. அதனால் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் இன்றும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கடிகாரம் ஓடுகிறது. வடகிழக்குக்குத் தனி நேரம் கேட்கிறார்கள். ரயில் போக்குவரத்து குழம்பும் என்பது அதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் ஒன்று.

ஒரே நேரம் இல்லாமல் ரயில் ஓடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே உத்தரவு எல்லோர் தலையிலும் ஒரே பாரமாக இறங்குவதில்லை. உங்களில் சிலர் இன்று உத்தரவு எழுதும் நாற்காலியில் இருக்கிறீர்கள். 9 நிமிடக்காரர் சும்மா இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 39 நிமிடக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.