பிடியரிசியும் துரைமாரின் சந்தாவும்

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் கல்வி வரலாற்றை ஆராயப் புகும் நாம், அதன் வாயிலில் ஒரு சந்தாப் பட்டியலைக் காண்கிறோம். 1854ஆம் ஆண்டில் கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டத் துரைமார் பணம் தர முன்வர, சர்ச் மிஷன் சங்கத்தின் துணையுடன் தமிழ்க் கூலி மிஷன் தோன்றிற்று. உபதேசியார்களோ திருநெல்வேலியிலிருந்து வந்தனர்.

அத்திருநெல்வேலிச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்துப் பெண்கள் கோயிலுக்குக் கொடுப்பார்கள். தம் வயிற்றிலிருந்து பிடித்த கொடை அது. துரைமாரின் சந்தா அத்தகையதன்று. தொழிலாளியின் உழைப்பில் விளைந்த இலாபத்தின் ஒரு துளியே தருமம் என்னும் பெயரில் அவனிடம் திரும்பிற்று. சந்தாப் பட்டியலில் தாராளம் காட்டிய பேனா செக்ரோலில் அதைக் காட்டவில்லை.

கோப்பி நோயில் மடிந்தபின் சபரகமுவையில் தேயிலையும் ரப்பரும் பரவின; மிஷனும் அங்கே சென்றது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1903இல் யட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டிற்று. விளைபொருளைக் கொழும்புக்கு இறக்கக் காட்டிய அவசரத்தைப் பள்ளிக்கூடத்துக்கு யார் காட்டினார்கள்?

காணிக்கைப் பணத்தால் லயத்துப் பிள்ளைகள் சிலர் எழுத்தறிந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. உரிமையாகப் பெறவேண்டியதைத் தயவென்று எண்ணிக் கைகட்டி நிற்க நேர்ந்ததே நம்மை உறுத்துகிறது. கல்வி தருவது தோட்டத்தின் கடமை என 1907ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை வலியுறுத்தியது. அரசு தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல்தான்.