தெர்மோஸ்டாட் விறகுக் கணப்படுப்பு

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றப் பயன்படும், எரியும் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் மூடிய இரும்பு அடுப்பு. பெரும்பாலான மாதிரிகளுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள், சூடு ஏறும்போது வளைந்து காற்றுவழியின் மூடியைச் சாத்துகிறது. சூடு தணிந்தால் திறக்கிறது. இதனால் ஒருமுறை இட்ட விறகு பல மணி நேரம் சீராக எரியும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் விறகடுப்புகளுக்கு மவுசு கூடியது. 1988இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய அடுப்புகளின் புகைக்கு வரம்பு விதித்தது. சில மாதிரிகளில் வினையூக்கி புகையையும் எரித்து வெப்பமாக்குகிறது.

காற்று மிகக் குறைந்தாலோ விறகு ஈரமாக இருந்தாலோ அது புகைந்து, கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவு புகைபோக்கியில் சேரும், அது தீப்பற்றக்கூடும். ஆகவே ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் குறைந்த விறகே ஏற்றது.